டெட்ராய்ட்டுக்குப் போகாத பெட்டிகள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் காலையிலிருந்து தூறிக்கொண்டிருக்கிறது. எஃகு ஆலையின் வாசலில் நிற்கும் லாரியிலிருந்து, நேற்று தான் ஏற்றிய பெட்டிகளையே பிரெண்டா ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் திரும்ப இறக்குகிறாள். அமெரிக்கா எஃகுக்கு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது. அங்கே டெட்ராய்ட்டில் வாங்குகிறவர்கள் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருடமாக அவளோடு வேலை செய்யும் கிளைவ், ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியிருக்கும் முகவரித் தாளை நகத்தால் சுரண்டுகிறான். ஈரத்தில் ஊறிய காகிதம் திரிதிரியாக உரிந்து அவன் விரல்களில் அப்பிக்கொள்கிறது. "அமெரிக்காக்காரன் நமக்குச் சிநேகிதனாம் சிநேகிதன்!" என்று வண்டியை நிறுத்திவிட்டு இரைகிறாள் பிரெண்டா. "அவனுங்களையே நம்பிக் கிடந்தோம் பாரு, நம்மளச் சொல்லணும். பக்கத்துலயே ஐரோப்பா இருக்கு, அங்க வித்திருக்கலாம்ல?" கிளைவ் தலை நிமிரவில்லை. "ஆப்கானிஸ்தான் சண்டைல எம் பையன் குண்டடிபட்டு விழுந்தப்ப, ஓடிப்போய்த் தூக்குனது ஒரு அமெரிக்கப் பையன், பிரெண்டா. எம் பையன் உசுரு போற வரைக்கும் அவன் கைய விடலயாம்." தகரக் கூரையில் மழை வலுக்கிறது. பிரெண்டா இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்று, தானும் ஒரு தாளை உரிக்கத் தொடங்குகிறாள். "அந்த அமெரிக்கப் பையன் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கடுதாசி போடுறான். வேலையெல்லாம் எப்படிப் போகுதுன்னு கேப்பான்," என்கிறான் கிளைவ். "இந்தத் தடவ அவனுக்கு நான் என்னன்னு எழுதுறது?"