கடைசியில் போட்ட பேர்

எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியதிலிருந்தே விஜயகலா பயந்துகொண்டிருந்தாள்.

ஆறு வயது மகள் தர்மிளாவுக்குத் தொப்புளில் குடலிறக்கம். சின்ன ஒப்பரேஷன்தான். காலையில் செய்து பின்னேரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"புள்ளைக்குக் காலையில ஏதும் குடுத்தீங்களா?" வார்டு நர்ஸ் பாஹிமா மிஸ்ஸி கேட்டார்.

"வெறும் வயிறு மிஸ்ஸி!" முந்திக்கொண்டான் புருஷன் தினேஷ்.

மிஸ்ஸி நகர்ந்ததும் விஜயகலா அவன் காதைக் கடித்தாள். "ஏங்க, அஞ்சு மணிக்குப் பால் தேத்தண்ணி குடுத்தேனே?"

"தேத்தண்ணி என்ன சாப்பாடா? வாயத் தொறந்தா திருப்பி அனுப்பிருவாங்க. பொறகு இன்னும் மூணு மாசம் காத்துக் கெடக்கணும்."

அவள் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒப்பரேஷன் பட்டியலில் முதல் பேர் தர்மிளா. ஆனால் முதலில் போனது பஜார் கடைக்காரப் புஷ்பவதியின் மகன். பிறகு இன்னும் இரண்டு பிள்ளைகள். தர்மிளாவைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு.

"பாத்தியா? ரப்பர் தோட்டத்து ஆளுன்னா கடைசிதான்!" தினேஷ் பல்லைக் கடித்தான்.

பின்னேரம் ஐந்து மணி. தர்மிளா தண்ணீர் குடித்தாள். வாந்தி இல்லை. ஒன்றுக்கும் போனாள். "பிஸ்கட் எங்கம்மா?" என்றாள். அப்போதுதான் விஜயகலாவுக்கு மூச்சே வந்தது.

"டிஸ்சார்ஜ் டிக்கட் வெட்டியாச்சு. வீட்டுக்குப் போகலாம்," என்றார் மிஸ்ஸி. "ராத்திரி வாந்தி, காய்ச்சல், ரத்தம் ஏதும்னா உடனே போன் பண்ணிட்டுக் கொண்டு வாங்க. வீட்டுல சிக்னல் இருக்கா? வண்டி கிடைக்குமா?"

"எல்லாம் இருக்கு," என்றான் தினேஷ் வெடுக்கென்று. "எங்களை மட்டும் ஏன் கடைசில தள்ளுனீங்க?"

மிஸ்ஸி குரலைத் தாழ்த்தினார்.

"பால் தேத்தண்ணி குடிச்சேன்னு மகள் என்கிட்ட சொல்லிட்டா. மயக்கத்துல அது மேல வந்தா மூச்சு அடைச்சிரும். திருப்பி அனுப்பத்தான் பாத்தாங்க. ஆறு மணித்தியாலம் கழியட்டும், கடைசியா எடுங்கன்னு நான்தான் டொக்டரைக் கெஞ்சினேன்."

தினேஷ் கிளம்பப் பையை எடுத்தான்.

விஜயகலா அவனை முந்திக்கொண்டாள். "மிஸ்ஸி, எங்க லயத்து வீடு ரப்பர் மலைக்குள்ள. சிக்னல் கிடையாது. இருட்டுனா ஆட்டோவும் ஏறாது. இங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவுல அக்கா வீடு இருக்கு, இன்னைக்கு அங்கேயே தங்கிக்கிறோம்."

அக்காவின் போன் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். தப்பே வரவில்லை.