நாற்பது வீடு, ஒரே தொகை

“மூவாயிரத்து அறுநூத்தி இருபத்தஞ்சு சோம். இது முதல் வீட்டோட கடன். ரெண்டாவது வீடு? அதே மூவாயிரத்து அறுநூத்தி இருபத்தஞ்சு. மூணாவது வீடு? நீயே சொல்லு ஜிபெக்.”

பேராசிரியர் எர்மெக், ஜிபெக் தன் ஆய்வுக்காக எடுத்த கடன் கணக்கெடுப்பு இருந்த கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய வரைபடத்தில் ஒற்றைத் தூண் மட்டும் மின்கம்பம் போல நின்றது.

“நாப்பது வீட்டுக்கும் ஒரே கடன். எந்த ஊர்லம்மா இப்படி நடக்கும்? வீட்டுல உக்காந்து நீயே நிரப்பியிருக்க. நிரப்பினதுதான் நிரப்பின, தொகையையாவது மாத்தி மாத்திப் போட்டிருக்கக் கூடாதா?”

“இல்ல அகாய்.” ஆசிரியரை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். “டிசம்பர்ல முழங்கால் வரைக்கும் பனி. என் வீடு போக எங்க தெருவுல நாப்பது வீடு. ஒண்ணு விடாம ஏறி இறங்கினேன்.”

“அப்ப ‘யாரிடம் கடன்’ங்கிற இடம் ஏன் நாப்பதுலயும் காலியா இருக்கு?”

“கேட்டேன் அகாய். ஒருத்தரும் சொல்லல.”

“சொல்ல மாட்டாங்க. இல்லாத ஆள் எப்படிச் சொல்லுவான்?”

பகலெல்லாம் தையல் கூடத்தில் கால்சட்டை தைத்துவிட்டு, மாலையில் வந்து சமூகவியலும் புள்ளிவிவரமும் படிக்கிறவள் ஜிபெக். முப்பத்து நாலு வயது. இன்னும் இரண்டு மாதம் தாண்டினால் முதுகலைப் பட்டம்.

“பொய்க் கணக்குன்னு எழுதினா உன்னை வெளிய அனுப்பிடுவாங்க. போன செப்டம்பர்ல உனக்குப் பணம் கட்டின அறக்கட்டளைக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அதுதான் அவளை அதிகம் சுட்டது. கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பை விட இருந்தபோது, முகம் தெரியாத யாரோ கட்டிய பணம்.

“எங்க தெருவுக்கு வாங்க அகாய். நீங்களே கேளுங்க.”

பேராசிரியரோடு மினிவேனில் நசுங்கிக்கொண்டு போகும்போது அவளுக்கே சந்தேகம் முளைத்தது. ‘பெயர் எழுத மாட்டேன், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது’ என்று அவள் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு வீட்டிலும் தொகையைச் சொன்னார்கள். யாரிடம் என்று கேட்டதும் தேநீர் ஊற்ற எழுந்து போய்விட்டார்கள். கொஞ்ச நாளாகவே தெருக் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கடைக்காரி கல்பூபு, போன இலையுதிர் காலத்தில் கறவைப் பசுவை விற்றாள். அந்தக் காசுக்கு ஒரு புது முக்காடுகூட வாங்கவில்லை. காசு எங்கே போயிற்று?

கடையில் கல்பூபு பேராசிரியரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

“யாரு இந்தக் கோட்டுக்காரர்? வரி ஆபீஸா?”

“என் பேராசிரியர், எஜே.”

“வாத்தியார் ஷூ இப்படி மினுங்காதே.”

ஜிபெக்குக்குப் பொறுமை போய்விட்டது. “எஜே, பசுவை வித்த காசு எங்க? தெரு முழுக்க வட்டிக்கு விட்டிருக்கீங்களா? பதினோரு வருஷமா எஜேன்னு, அக்கான்னு கூப்பிடுற என்கிட்டயே மறைச்சிட்டு?”

“வட்டியா? நானா? வாய்ல வந்ததைப் பேசாதடி! அப்புறம் என் வாய்ல என்ன வரும்னு எனக்கே தெரியாது.”

அந்த நேரம் பார்த்து டாக்ஸி ஓட்டும் சோரோன்பாய் கசங்கிய நோட்டுகளோடு உள்ளே வந்தான்.

“எஜே, தம்பி ரஷ்யாவுலேர்ந்து அனுப்பிட்டான். மூவாயிரத்து அறுநூத்தி இருபத்தஞ்சு, எண்ணிக்கோங்க. நான்தான் கடைசி...” ஜிபெக்கைப் பார்த்ததும் நோட்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “ரொட்டி வாங்க வந்தேன்.”

“மூவாயிரம் சோமுக்கு ரொட்டியா?” என்றார் பேராசிரியர்.

“பெரிய குடும்பம் அகாய்.”

கல்பூபுவின் கை கல்லாவுக்கு அடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தை மூடப் பாய்ந்தது. அதற்குள் ஜிபெக் அதைப் பிடுங்கிவிட்டாள். நாற்பது பெயர்கள். நாற்பதுக்கும் ஒரே தேதி, ஒரே தொகை. முப்பத்தொன்பது பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. எதற்கு வாங்கியது என்று ஒரு வார்த்தை இல்லை. வட்டியும் இல்லை.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

“படிவம் பொய் இல்ல. மன்னிச்சிடும்மா, உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்.” பிறகும் அவருக்கு ஆர்வம் அடங்கவில்லை. “வட்டி இல்லாம ஒரே நாள்ல நாப்பது வீடு கடன் வாங்கியிருக்கு. எதுக்கு? மொத்தம் எவ்வளவு வருது பார்ப்போம்.”

கைபேசியில் பெருக்கினார். சோரோன்பாய் கூரையைப் பார்த்தான். கல்பூபு முதுகைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த தேயிலைப் பொட்டலங்களை மறுபடி அடுக்கினாள்.

“ஒரு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரம். தேதி, செப்டம்பர் இருபத்தெட்டு.”

ஜிபெக் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தொகையும் அந்தத் தேதியும் அவள் வீட்டில், தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தன; அறக்கட்டளை கட்டியதாகச் சொல்லிக் கொடுத்த கல்விக் கட்டண ரசீதில். பசுவை விற்ற காசு அங்கேதான் போயிருந்தது; தெருவே அதைப் பங்கு போட்டு அடைத்துவந்திருக்கிறது.

“யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தானடி கேட்ட, களவாணி,” என்று முனகிக்கொண்டே கல்பூபு நாற்பதாவது பெயரையும் அடித்தாள்.