நீலக்கை மார்க்கு

வக்கீலின் மேஜைமேல் இரண்டு பாட்டில்கள் ஒட்டி நின்றன.

இரண்டிலும் தரை துடைக்கிற பினாயில். இரண்டிலும் அதே நீலக் கை. ஐந்து விரலையும் விரித்த, மூன்று வயதுப் பிள்ளையின் கை.

ஒன்று அவள் தன் வீட்டில் கலக்கி ஊற்றியது. மற்றது பெரிய கடையில் வாங்கியது. அதில் கைக்குக் கீழே, பதிவு பெற்ற முத்திரை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"முப்பது நாளுக்குள்ள உங்க பாட்டில்லேர்ந்து இந்தக் கையை எடுத்துடணுமாம்." வக்கீல் நோட்டீஸை விரலால் சுண்டினார். "நல்லா இருக்கும்மா கதை. வீட்டுக்காரனையே வெளிய போன்னு சொல்ற மாதிரி."

அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்துவிட்டால் அவளுடைய பாட்டிலை எவரும் தேட மாட்டார்கள். கடைகளில் பினாயில் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நீலக்கை ஒன்று கொடுங்கள் என்றுதான் கேட்பார்கள்.

வக்கீல் சொல்லாமல் இல்லை. நாலு வருடத்துக்கு முன் லைசென்ஸ் விஷயமாக வந்தபோதே, மார்க்கைப் பதிவு பண்ணிவிடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். விண்ணப்பத் தாளைக் கையில் திணித்தும் அனுப்பினார்.

அவள் சிரித்தாள். என் பிள்ளை கையை எவன் சார் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றாள்.

அந்தத் தாள் வெகுநாள் வாசனை எண்ணெய் டப்பாவுக்கு மூடியாக உழைத்தது.

"சரி, விடுங்க. இவங்களுக்கு முன்னாடியே நீங்க இந்த மார்க்கைப் போட்டு வித்தீங்கன்னு காட்டிட்டா தப்பிச்சோம். தேதி போட்ட பழைய லேபிள் ஒண்ணு குடுங்க. ஒண்ணே ஒண்ணு."

அங்கேதான் இடித்தது.

அவள் ஒரு பாட்டிலையும் வீணாக்கியதில்லை. காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிவந்து சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். பழைய லேபிளைக் கரண்டி முனையால் சுரண்டுவாள். நகக்கண் அளவு காகிதம் ஒட்டியிருந்தாலும் மறுபடி ஊறப்போடுவாள். சுத்தம் விற்கிறவள் அழுக்குப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கலாமா?

இருபத்திரண்டு வருட லேபிள்களையும் அவளே சுரண்டி, அவளே சாக்கடையில் கழுவி விட்டிருந்தாள்.

நோட்டீஸ் வந்த பிறகு தெருத் தெருவாக வாடிக்கை வீடுகளில் ஏறி இறங்கிப் பார்த்தாள். எல்லாரும் பாவம் என்று உள்ளே போய்த் தேடினார்கள். எல்லாரும் வெறுங்கையோடு வந்தார்கள். "எங்ககிட்ட எங்கேக்கா இருக்கப் போவுது? நீங்கதான் ஒண்ணு விடாம எண்ணி வாங்கிட்டுப் போயிடுவீங்களே" என்றாள் ஒருத்தி.

வக்கீல் பெருமூச்சு விட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பாட்டிலையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இந்தச் சுண்டு விரல் ஏன் இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு?"

"குழந்தையில கதவிடுக்குல மாட்டிக்கிச்சு சார். நாந்தான் பாக்காம சாத்திட்டேன்."

வக்கீல் மேஜையை ஓங்கித் தட்டினார். பாட்டில்கள் குலுங்கின.

"அப்படிச் சொல்லுங்க! அவங்க பாட்டில்லயும் அதே கோணல். காப்பியடிக்கத் தெரியுது, கோணலை நிமித்தத் தெரியல பாருங்க. கை வளரும்மா, கோணல் எங்க போகும்? உங்க பொண்ணைக் கூட்டிட்டு வந்து அதிகாரி முன்னாடி அந்த விரலை நீட்டச் சொல்லுங்க. இது யார் கைன்னு கேட்டா அவங்க யாரைக் கொண்டாந்து நிறுத்துவாங்க?"

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு டீ சொன்னார். இப்பவே பெண்ணிடம் பேசிவிடுங்கள் என்று மேஜை ஃபோனை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் ஃபோனைப் பார்த்தாள்.

எண் மறக்கவில்லை. மூன்று வருடமாக அந்த எண்ணுக்கு அவள் பேசவில்லை. தான் பார்த்துக்கொண்டவனைக் கூட்டிக்கொண்டு மகள் வாசலில் வந்து நின்ற அன்றைக்கும் கதவைச் சாத்தியது அவள்தான். அந்த முறை பார்த்தே சாத்தினாள்.

ஃபோனைத் தொடாமல் நோட்டீஸை எடுத்தாள். அதன் பின்னால், நீலக்கையைத் தங்கள் மார்க்காகப் பதிவு பண்ண அவர்கள் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. வக்கீலுக்கு அதில் இருந்தது யாரோ ஒருத்தியின் பெயர். அவள் அதை நாலு நாளில் எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்து இருந்தது.

கடைசி எழுத்து வரியில் நிற்காமல் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. சுண்டு விரல் காகிதத்தில் படியாவிட்டால் எழுத்து அப்படித்தான் போகும். ஒரு வருடம் முழுக்க சிலேட்டில் மகளின் கையைப் பிடித்துப் பிடித்து எழுதவைத்தும் அது இறங்கவே இல்லை.

"என்னம்மா யோசனை? நம்பர் சொல்லுங்க, நானே போடறேன்."

அவள் அந்தக் கையெழுத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். அன்று சிலேட்டில் அந்தச் சின்னக் கையை மூடிப் பிடித்துக்கொண்ட மாதிரியே.