ஓர் எழுத்து எழுதிய பேனா

“அவன் காலைப் பறித்தது நீதான்!”

போர் நடத்திய அமெரிக்க அதிபர் ஒருவரின் நினைவு இல்லம் அது. மூலையில் சாத்தியிருந்த மரக்கால் இப்படிக் கத்தியதும், கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத் துணியில் படுத்திருந்த பேனா திடுக்கிட்டது.

“யாரைச் சொல்கிறீர்?”

“உன்னைத்தான். போர் ஆணையில் கையெழுத்துப் போட்டவன் நீதானே?”

“ஐயோ, அதிபர் தம் கையெழுத்தின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புதுப் பேனா எடுத்தார். போட்டு முடித்ததும் வந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பரிசு கொடுத்தார். நான் எழுதியது ஒரே ஓர் எழுத்து. என்னைப் போல இங்கே திரும்பி வந்த மற்ற பேனாக்களைக் கேளும்.”

“கேட்டாயிற்று. பக்கத்துப் பெட்டிக்காரனும் இதையேதான் சொல்கிறான். ஆக, போரை எவனுமே தொடங்கவில்லை. போருக்குப் போன என் சிப்பாய் வில்பருக்குத்தான் கால் தானாகக் கழன்று விழுந்துவிட்டது!”

பேனா பட்டுத் துணிக்குள் ஒடுங்கியது. மரக்கால் விடவில்லை.

“உன் பெட்டியில் அதிபர் பெயர் பொன்னாய் மின்னுகிறது. என்மேல் தொங்கும் அட்டையில் ‘மரக்கால்’ என்று மட்டும் இருக்கிறது. சாகும்வரை என்னைக் கட்டிக்கொண்டு நொண்டியவன் பெயர் எங்கே?”

“அதற்கு நான் என்ன செய்ய?”

“உனக்குள் மை இருக்கிறதல்லவா? இறங்கி வா. வில்பர் பெயரிலும் உன் பங்குக்கு ஓர் எழுத்து எழுது!”