நாலு புள்ளி நாலு ஆறு

"புள்ள வாயில இருந்து புடுங்கித் தின்னா உடம்புல ஒட்டுமா?"

லேப் கூட்டுற அக்கா துடைப்பமும் கையுமா அப்படியே நின்னுட்டா.

கேட்டது புள்ளி சார். பிஸ்கட்டு, மாவு, ரொட்டி, எதைக் கொண்டு வந்தாலும் அதுல எவ்வளவு கலோரின்னு அளந்து சொல்ற லேப் அது. அங்க அவரு வச்சதுதான் சட்டம். புள்ளிக்குப் பின்னாடி ரெண்டு எண் இல்லாம வாயே திறக்க மாட்டாரு. மணி கேட்டாக்கூட "பத்து புள்ளி நாலு ஏழு"ம்பாரு.

"நான் தின்னலை சார். பாப்பாதான் தின்னுது. அங்கன்வாடியில குடுக்குற சத்து பிஸ்கட், தினம் நாலு, என் கண்ணு முன்னாடி."

"அப்புறம் எப்படி மாசா மாசம் எடை குறையுது?"

"அங்க எடை போடுற நர்ஸம்மாவும் இதேதான் கேக்குறாங்க. அத்தனை அம்மாங்களையும் வச்சுக்கிட்டு, 'ஏம்மா, பெத்த புள்ள பங்கைத் திங்க வெக்கமா இல்ல?'ன்னு. அடுத்த மாசமும் குறைஞ்சா பாப்பாவைக் காப்பகத்துல சேத்துருவாங்களாம். என்கிட்ட விட மாட்டாங்களாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"பிஸ்கட்லதான் ஏதோ இருக்கு சார்."

சாருக்கு வந்துச்சே கோவம்!

"அந்த பிஸ்கட்டுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா? நான்! கம்பெனிக்காரன் டீ வாங்கிக் குடுத்தாக்கூடத் தொடாதவன். இங்க வா. இதைப் பாரு."

மிஷின் பக்கத்துல இழுத்து நிறுத்தினாரு.

"இது கலோரிமீட்டர். இந்த எஃகு டப்பாக்குள்ள ஒரு கிராம் பிஸ்கட். ஆக்சிஜன் அடைச்சு, மூடி, டப்பாவைத் தண்ணியில முக்கி, கரண்ட் குடுத்து உள்ளயே எரிக்கிறோம். எரிஞ்ச சூடு மொத்தமும் சுத்தியிருக்கிற தண்ணிக்கு வந்துரும். தண்ணி எவ்வளவு சூடேறுச்சோ, அதான் பிஸ்கட்ல இருக்கிற சத்து. புரிஞ்சுதா?"

"எரிஞ்சா சத்து."

"அட! கற்பூர புத்திதான் உனக்கு. கிராமுக்கு நாலு புள்ளி நாலு பூஜ்யம் கலோரியாவது வரணும். இது நாலு புள்ளி நாலு ஆறு. நம்பர் வந்தா கையெழுத்து. வரலையா, எங்கப்பனே வந்து நின்னாலும் கிடையாது. மனுசன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லாது."

அக்கா மடியில இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தா. உள்ள வெளிர் மஞ்சள்ல பொடி.

"இதையும் ஒரு தடவை எரிச்சுப் பாருங்க சார்."

"என்ன, வேற கம்பெனியா?"

"பாருங்களேன்."

தன் மிஷினைச் சந்தேகப்பட்டா சார் சும்மா இருப்பாரா? ஒரு கிராம் எடை போட்டாரு. வில்லையா அழுத்தினாரு. மூடினாரு, முக்கினாரு, பட்டனைத் தட்டினாரு. தெர்மாமீட்டரைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, கணக்குப் போட்டாரு. மூஞ்சி அப்படியே மலர்ந்துருச்சு.

"நாலு புள்ளி அஞ்சு ஒண்ணு! அந்த பிஸ்கட்டை விட ஒசத்தி! இதைக் குடு உன் பொண்ணுக்கு. ஒரே மாசத்துல பூரிச்சுப் போயிருவா."

"ஆறு மாசமா அதைத்தான் சார் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"புரியலையே?"

"மரத்தூள் சார். என் வீட்டுக்காரரு லோடு ஏத்துற மரக்கடையில கூட்டி அள்ளினது. பிஸ்கட் கம்பெனிக்கு வாரம் பத்து மூட்டை போகுது. அடுப்பெரிக்கன்னு வாங்குறாங்க. அங்க அடுப்பெல்லாம் கேஸு. எனக்கு உறுத்துச்சு. நேத்து ஒரு பிஸ்கட்டைத் தண்ணியில ஊறப் போட்டேன். மாவு கரைஞ்சு போச்சு. இதே தூள் மேல மிதந்துச்சு."

சார் பொட்டலத்தை எடுத்து மோந்து பார்த்தாரு. எரிஞ்ச டப்பா இன்னும் தண்ணிக்குள்ளதான் கிடந்துச்சு.

"இதை... இதை வந்ததுமே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னேனே சார், பிஸ்கட்லதான் ஏதோ இருக்குன்னு. நான் மனுசிதானே."

துடைப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு, மேசை மேல இருந்த பேனாவை எடுத்து அவர்கிட்ட நீட்டினா.

"நம்பர்தான் வந்துருச்சே. இதுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க சார்."