மூன்றில் ஒரு பங்கு

“மூணு துண்டா வெட்டுங்க. ஆனா ஒவ்வொரு துண்டும் கால்வாசிதான் இருக்கணும்” என்றாள் அந்த அம்மா.

கேக் மாஸ்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “மூணு கால் சேர்ந்தா முக்கால்தானேம்மா? மிச்சம் ஒரு கால் இருக்குமே?”

“அது எங்களுக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க.”

முழுக் கேக்கை வாங்கிவிட்டுக் கால்வாசியைக் கடையிலேயே விட்டுப் போகிற ஆளை, இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

வட்டக் கேக்கின் மேல் தகரச் சட்டத்தை வைத்துக் கோடு போட்டு, வாங்குகிறவர் கண்ணெதிரே இம்மி பிசகாமல் சமபங்காக வெட்டித் தருவது மாஸ்டரின் வழக்கம். “என் கேக்கால எந்த வீட்டுலயும் பிள்ளைங்க சண்டை போட்டதில்ல” என்று மார்தட்டிக்கொள்வார்.

இந்த அம்மாவையும் அவருக்கு ஞாபகம் இருந்தது. போன வருஷம் மகளின் பிறந்தநாளுக்கு நாலாக வெட்டிக் கொடுத்திருந்தார். “நீங்க நாலு பேராச்சேம்மா?” என்றதற்கு, “இந்தத் தடவை மூணு பேர்தான்” என்றாள், கேக்கைப் பார்த்தபடி. யாரோ ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, நாலு பங்குச் சட்டத்தை எடுத்து வைத்தார்.

பக்கத்தில் நின்ற எட்டு வயது மகள் அம்மாவின் கையை இழுத்தாள். “மூணு பேருக்குன்னா துண்டு பெருசாயிடுமாம்மா?”

“ஆகாதுடா கண்ணு. நாலை விட மூணு சின்ன நம்பர்தானே? துண்டு எப்படிப் பெருசாகும்?”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பிறந்தநாள் பிள்ளையை இப்படியா ஏய்ப்பாள் ஒரு தாய்? பிள்ளை குண்டாகிவிடும் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது! குழந்தையின் முகம் வேறு வாடிக் கிடந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை.

அந்த அம்மா மெழுகுவர்த்தி எடுக்க அலமாரிப் பக்கம் போன நேரத்தில், சட்டத்தை மாற்றி மூன்று சமபங்காக ஒரே மூச்சில் வெட்டிவிட்டார். ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் குழந்தையின் முன்னால் நீட்டினார்.

“அம்மா சும்மா சொல்றாங்க பாப்பா. நாலு பேர் பங்கு போட்டாத்தான் துண்டு சின்னது, மூணே பேருன்னா பெருசு! போன வருஷத்தை விட எவ்வளவு பெருசு பாரு! உனக்கு யோகம்தான் போ!”

அவள் தட்டையே பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“எனக்குப் பெருசு வேணாம்... பெருசு வேணாம்மா!” என்று அலறிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு குழந்தை அப்படி அழுது மாஸ்டர் கண்டதில்லை.

அந்த அம்மா ஓடிவந்து மகளை வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“நல்லதுன்னு நினைச்சுத்தானேம்மா செஞ்சேன்?” என்றார் அவர், கையில் கத்தியோடு.

“உங்க மேல தப்பில்லண்ணே. இவ தம்பி தவறிப்போய் ஆறு மாசம் ஆகுது.” அவள் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“‘அவன் இல்லேன்னா எனக்குப் பெரிய துண்டு கிடைக்கும்’னு போன பிறந்தநாளுக்கு இவ சொன்னாண்ணே.”