முள்ளியவளைக்குப் போன பாடம்

"இது பழிவாங்கல் சேர். வேற ஒண்டும் இல்லை."

பத்மாசனி மிஸ் கதிரையில் இருக்கவும் இல்லை. நின்றபடியே சொன்னா.

அப்புத்துரையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். செயற்கைக் கால் செய்யப் பழக்குகிற அந்த அலுவலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. வவுனியாவில் மிஸ் படிப்பிப்பதை வீடியோ எடுத்து, இன்டர்நெற்றில் வன்னிக்குள் அனுப்புவார்கள். கனகராயன்குளத்தில் ஆறு பேர் பார்ப்பார்கள். முள்ளியவளையில் ஒரே ஒரு பிள்ளை, சிவதர்சினி. மாதக் கடைசியில் சோதனை. பாஸ் பண்ணினால் பட்டறையில் வேலை. அந்த நாளையில் வன்னிக்குள் அப்படியொரு வேலை லேசில் கிடையாது.

லைன் மகா மோசம். முழு வீடியோவும் போகாது. படத்துக்கு எவ்வளவு, சத்தத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துச் சுருக்கி அனுப்ப வேண்டும். அது றுமைஸின் வேலை.

மிஸ் கண்டுபிடித்தது இதுதான். கனகராயன்குளத்துக்குப் போன பாடத்தில் படமும் சுமார், சத்தமும் சுமார். முள்ளியவளைக்குப் போனதில் சத்தமே இல்லை. ஒன்று இரண்டல்ல, ஏழு பாடம்.

"படம் மட்டும் கண்ணாடி மாதிரி. அதுவும் நான் கதைக்கிற இடமெல்லாம் என்ர வாயைத்தான் பெருப்பிச்சு வைச்சிருக்கிறான். பல்லை எண்ணலாம். ஊமைப்படம் காட்டி என்னைப் பகிடி பண்ணுறான் சேர்."

பகிடி கிடக்கட்டும், பழக்கமில்லாத அந்தப் பிள்ளையோடு அவனுக்கு என்ன கோபம் என்று அப்புத்துரையர் கேட்டார்.

மிஸ் குரலைத் தணித்தா. றுமைஸின் ஆட்கள் முன்னம் முள்ளியவளைப் பக்கம் இருந்தவையாம். தொண்ணூறில் உடுத்த உடுப்போடு துரத்தப்பட்ட முஸ்லிம் சனம். அந்தக் கறள் மனதை விட்டுப் போகுமோ என்றா.

அப்புத்துரையர் அதை மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்.

றுமைஸைக் கூப்பிட்டார். வந்து நின்றான்.

"முள்ளியவளைக்கு ஏன் சத்தத்தை எடுத்தனீர்?"

"லைன் போதாது சேர். ரெண்டையும் வைச்சா ரெண்டும் பழுதாப் போகும். ஒண்டையெண்டாலும் ஒழுங்கா அனுப்புவம் எண்டு..."

"கனகராயன்குளத்துக்கும் அதே லைன்தானே?"

றுமைஸ் நிலத்தைப் பார்த்தான்.

"வாயைத் திறவும்."

திறக்கவில்லை. கள்ளன் பிடிபட்டால் இப்படித்தான் நிற்பான் என்று மிஸ் சுவரைப் பார்த்துச் சொன்னா.

அப்புத்துரையருக்குப் பொறுமை எப்போதுமே குறைவு. திங்கட்கிழமை தொடக்கம் வரத் தேவையில்லை, கமெரா, வயர் எல்லாவற்றையும் கணக்காக எடுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்றார்.

றுமைஸுக்கு நெளுக்குளத்தில் வாடகை வீடு. மனுசி, கைக்குழந்தை. இந்த உழைப்பை விட்டால் வேறு இல்லை. அது அப்புத்துரையருக்கும் தெரியும். ஆனாலும் றுமைஸ் கெஞ்சவில்லை. வாசலில் மட்டும் ஒருதரம் நின்றான்.

"மிச்சம் ரெண்டு பாடத்தையும் அப்பிடியே சுருக்கி வைச்சிருக்கிறன் சேர். சோதனைக்கு முன்னம் அதையெண்டாலும் முள்ளியவளைக்கு அனுப்பிவிடுங்கோ."

"திமிரைப் பாருங்கோ" என்றா மிஸ்.

மிஸ் போன பிறகு அப்புத்துரையர் முள்ளியவளைக்கு ரெலிபோன் எடுத்தார். ஏழு பாடத்தையும் சத்தத்தோடு திரும்ப அனுப்புவதாகச் சொல்லி, அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். மூன்றாம் தரம்தான் லைன் கிடைத்தது. நிலையத்துக் காவலாளி வீரகத்தி எடுத்தார்.

சிவதர்சினியிடம் ரெலிபோனைக் கொடுக்கச் சொன்னார்.

  

"உங்களுக்குத் தெரிஞ்சு போச்சோ ஐயா?" என்றார் வீரகத்தி.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தொண்ணூற்றாறில் விழுந்த ஷெல்லில் பிள்ளைக்கு இரண்டு காதும் போய்விட்டது. ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் கதை விளங்கிக்கொள்வா. கொம்பியூட்டர் பூட்ட வந்த அன்றைக்கே றுமைஸ் தம்பி அதைக் கண்டுபிடித்துவிட்டது. சத்தத்துக்குப் போகிற பங்கையும் சேர்த்துப் படத்துக்கே தருகிறேன், வாய் தெளிவாகத் தெரியும், ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனதாம்.

"உங்கட விண்ணப்பப் போமில காது கேக்க வேணும் எண்டு கிடக்கு. பிள்ளை பயத்தில, காது கேக்கும் எண்டு எழுதிப்போட்டுது. கால் செய்யக் காது என்னத்துக்கு ஐயா?"

அப்புத்துரையர் ரிசீவரை வைத்தார். அந்தப் போமைத் தயாரித்தவர் அவர்தான்.

கொஞ்ச நேரம் பேனையோடு மேசையில் குனிந்திருந்தார். பிறகு, அடுத்த அறையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த றுமைஸைக் கூப்பிட்டார்.

வீரகத்தி எல்லாம் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை வழமைபோல வாரும் என்றார். தான் அவசரப்பட்டது பிழை என்றும் சொன்னார். பிழை என்று அவர் வாயால் அந்த அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி. நானும் மனிசன்தானே?"

றுமைஸ் வயர்ச் சுருளைக் கீழே வைத்தான்.

"சொன்னா, சட்டம் எண்டு சொல்லி அந்தப் பிள்ளையின்ர பேரை வெட்டிப்போடுவியள் எண்டு பயந்தனான் சேர்."

அப்புத்துரையர் முன்னால் இருந்த சோதனைப் பட்டியலை உள்ளங்கையால் மூடினார். சிவதர்சினியின் பெயரை வெட்டி அவர் இழுத்த கோட்டில் மை இன்னும் காயவில்லை.